முக்காட்டுப் பவுன்

பரிசம் போட்ட அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர். பெண்ணின் தாய்மாமன். அவர் வீடுதான் அது, பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தெரு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில். பக்கத்து வீட்டு உபதேசியார். கிறிஸ்தவ வேதக்காரர், பொய் சொல்ல மாட்டார் என்று சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் அத்தான், அதாவது அக்காள் புருஷன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அதனால் பெரியவர் என்ற இடத்தில் அவர் வந்தார். அவர் வந்தது சாப்பாட்டுக்கு. நான். உள்கதவுக்குப் பின்னால் பெண். அவளுக்கும் பின்னால் அவள் அம்மை. புருஷன் போனவள், அதனால் நல்ல காரியத்தில் முன்னால் வர மாட்டாள். கதவிடுக்கில் அவள் தலையில் போட்டிருந்த துணியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு தார் பழம், ஐந்து பவுன். பழம் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நான் குத்தகைக்கு எடுத்திருந்த வாழையில் வெட்டியது. பவுன் கொழும்பில் சேர்த்தது.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும். தங்கக் காசாகக் கொடுக்க வேண்டும், ஒற்றைப்படையாக. பெண்ணுக்குத் தகப்பன் இல்லாததால் அது தாய்மாமன் கைக்குப் போகும். அவர் எண்ணி மடியில் கட்டிக்கொண்டால் பெண் எனக்கு. அவ்வளவுதான் சடங்கு. இதைக் கெடுப்பதற்குத் தனியாக ஒரு திறமை வேண்டும்.

அதற்கு முன்பு இரண்டு இடத்தில் எனக்குத் தட்டிப் போயிருந்தது. கொழும்பில் இருந்தவன், அங்கே ஒரு குடும்பம் வைத்திருப்பான் என்றார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னார்களே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். வயதும் ஏறிக்கொண்டு போயிற்று.

இந்தப் பெண்ணை முதலில் பார்க்கப் போனபோது தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. "வாழைக்குக் காத்து ஆகாதுலா? முட்டுக் கொடுப்பியளா, சும்மா விட்டிருவியளா?" என்று கேட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னிடம் யாரும் வாழையைப் பற்றிக் கேட்டதில்லை. "கொடுப்பேன்" என்றேன். அதுவரை கொடுத்ததில்லை. மறுநாளே மூங்கில் வாங்கி எல்லா மரத்துக்கும் முட்டுக் கொடுத்தேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு, காற்றே இல்லாத மாதத்தில் இவன் என்ன பண்ணுகிறான் என்று அக்காளிடம் கேட்டார். அவள்தான் வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. சொல்லத்தான் தெரியவில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பரிசம் அன்று பேசினேன். ஏன் பேசினேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பவுன் என்றால் நிறை இல்லை, காசு. சீமைக் காசு. ஒரு பக்கம் ஒரு தலை. மறு பக்கம் ஒரு குதிரை, அதன்மேல் உடம்பில் துணியில்லாத ஒருவன், குதிரைக் காலடியில் பாம்புபோல் ஒரு பிராணி புரண்டுகொண்டிருக்கும். பதினைந்து ரூபாய்க்கு எங்கே கொடுத்தாலும் எடுப்பார்கள். கொழும்பில் நான் துணிக்கடையில் இருந்தேன். துணி மடிக்கிற வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. கடைக் கணக்கப்பிள்ளை பவுன் வாங்கும்போதெல்லாம் குதிரைப் பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார். குதிரைக் காலுக்குக் கீழே தரைபோல ஒரு கோடு இருக்கும். அதில் எறும்புத் தலை அளவுக்கு ஒரு எழுத்து. கள்ளக் காசு என்றால் அந்த எழுத்து சப்பிப் போயிருக்கும். அதற்காகப் பார்ப்பார்.

எனக்கும் காட்டிக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதனால் உருவமாக மனதில் வைத்துக்கொண்டேன். நெளிந்த புழு. ஒட்டி நிற்கிற இரண்டு கூரை. நிமிர்ந்து நிற்கிற அகப்பை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் அடித்தது, எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் தெற்கே இருக்கிற ஊர்கள் என்றார். எழுத்தே இல்லாவிட்டால் சீமையிலேயே அடித்தது. தங்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்றும் சொன்னார். ஊர்ப் பெயர்களையும் சொன்னார். அவை நிற்கவில்லை. புழு, கூரை, அகப்பை நின்றன. உலகத்தில் எனக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். இதைச் சொல்லிக்கொள்ள ஒரு இடம் அதுவரை கிடைத்ததில்லை.

மாமன் காசை எண்ணினார். ஒன்றை நகத்தில் சுண்டிச் சத்தம் கேட்டார். "தங்கமாத்தான் இருக்கு" என்று சொல்லி மடியை அவிழ்த்தார். கட்டியிருப்பார். காரியம் முடிந்திருக்கும்.

"மாமா, அப்படிச் சும்மா கட்டப்படாது. காலடி பாக்கணும்" என்றேன்.

"எங் காலடியாவே?"

"குதிரை காலடி."

மாமன் உபதேசியாரைப் பார்த்தார். "மாப்ளை கொழும்புல குதிரை வியாவாரமும் பாத்தாவளோ?"

அத்தான் என் தொடையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. ஒரு காசை எடுத்து மாமன் கண்ணருகே நீட்டினேன். "இங்கன பாருங்க. கோட்டுக்கு மேல புழு மாதிரி நெளியுதுலா, இது ஒரு ஊருல அடிச்சது. இதுல ரெண்டு கூரை. இது வேற ஊரு. இது அகப்பை."

"எனக்கு ஒரு எழவும் தெரியலயே" என்றார் மாமன்.

உபதேசியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெயில் படுகிற பக்கமாகத் திரும்பிக் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "அட, ஆமா! இது எஸ். இது எம். இத்தனை வருசம் காணிக்கைத் தட்டுல பவுனப் பாத்திருக்கேன், ஒரு நாளும் கண்டதில்ல. அகப்பைன்னீரே, அது பி. நல்ல கண்ணு வே ஒமக்கு."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். கள்ளக் காசை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னேன். யாரும் கேட்காமலே இன்னொரு முறை சொன்னேன்.

உபதேசியார் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு மாமன் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்? அவர் வீட்டில், அவர் கைக்கு வந்த காசு. அவருக்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? காசுகளை மறு பக்கம் திருப்பி வரிசையாக வைத்தார்.

"இவரு ராசா. மொட்டைத் தல. இவரும் அவருதான். இவரும். இது புது ராசா, முடி இருக்கு." ஐந்தாவதில் விரல் நின்றது. "இது ஆருவே?"

நான் எட்டிப் பார்த்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காசு பல வருஷம் என்னிடம் இருந்தது. ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். குதிரைப் பக்கம் பார்த்தேன். தலைப் பக்கத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"மகாராணியம்மா. முந்தி இருந்தவங்க" என்றார் உபதேசியார்.

"தலையில என்ன, முக்காடுலா கெடக்கு?"

எல்லாம் தெரிந்தவன் நான்தானே. நான் பேசினேன். "அது குளிருக்கு மாமா. சீமையில பனி ஜாஸ்தி."

"அப்ப இந்த ராசாவுக்குக் குளிராதோ? மொட்டைத் தலையோடல்லா இருக்காரு?"

நான் அத்தானைப் பார்த்தேன்.

"உபதேசியாரே, நீரு சொல்லும். வேதப் புஸ்தவத்தத் தொடுத கையி."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உதவ வேண்டும் என்றுதான் அவருக்கு. "பொய் சொல்லப்படாதுலா" என்றார். "அவங்க வீட்டுக்காரர் ரொம்ப முந்தியே காலமாயிட்டாரு. அதுக்குப் பொறவு அந்தம்மா சாகுத வரைக்கும் துக்கந்தான்."

"அப்ப தாலியறுத்தவ."

"அவங்க ஊருல தாலி கெடையாது அண்ணாச்சி."

"புருசன் இல்ல, முக்காடு கெடக்கு. இன்னும் என்னவே வேணும்?" மாமன் தாம்பாளத்தைத் தள்ளினார். "முண்டச்சி தலையக் கொண்டாந்து வெத்தலையில வச்சிருக்காரு பாரும். காலடி பாக்கணுமாம். தலையப் பாக்கத் தெரியல, காலடியப் பாக்காரு!"

மாமன் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் முக்காடு போட்ட தலையைத் தவிர்ப்பார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த நிபுணனுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்பேன். எனக்குக் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். பயந்தவனுக்குப் பேச்சு வரும் என்று அன்று கண்டேன். "நீங்க சொல்லுதது சரிதான் மாமா. ஆகாத காசுதான். அத நல்ல காரியத்துல வைக்கலாமா? எடுத்து எறிஞ்சிருதேன். நாளைக்கே வேற நல்ல தலையாக் கொண்டாரேன்" என்றேன். சொன்னதோடு விடவில்லை. அந்தக் காசை ஒற்றை விரலால் தாம்பாளத்தின் ஓரத்துக்குத் தள்ளினேன். தள்ளின விரலை வேட்டியில் துடைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கத்தவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கேன். அந்தத் தல ஆகாதுன்னா இந்த வீட்டுல ஒரு தல இருக்கே, அது ஆகுமா?"

"ஏட்டி, உள்ள போ!"

"உள்ளதான் இருக்கேன். இன்னைக்கு எல்லாரும் கைநனைக்கப் போறியளே, அந்தச் சோத்தப் பொங்குனது ஆரு? சோறு ஆகும், மூஞ்சி ஆகாதாக்கும்?"

"ஏட்டி!"

"வந்தவிய ஒரு காசத் தொட்டதுக்கே வெரலத் தொடைக்காவ. நாளைக்கு எங்கம்மை என்னப் பாக்க அங்கன வந்தா எதத் தொடைப்பாவளோ? எனக்கு இந்தப் பரிசம் வேண்டாம். எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க."

கதவிடுக்கில் தெரிந்த துணி ஓரம் இப்போது இல்லை.

நான் ஐந்து காசையும் பொறுக்கினேன். என் வாய்க்கு அப்போதுதான் பூட்டு விழுந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். சோறு கிடையாது என்று அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு என் துக்கத்தைவிட அவர் துக்கம் பெரியது.

வண்டியில் பாதி தூரம் வந்ததும் அவர் தொடங்கினார்.

"தேங்கா வறுத்தரைச்ச கொழம்புலே. மணம் வந்துச்சு. கேட்டியா?"

"ம்."

"ஒன் வாயில கொழுக்கட்டைய அடைச்சாத் தேவல. வருசம் பூரா 'ம்', 'ம்'னுட்டு இருப்பே. இன்னைக்கு என்னலே வந்துச்சு? புழுவாம், கூரையாம், அகப்பையாம். அகப்பையக் காட்டிச் சோத்தக் கெடுத்துட்டியேலே பாவி."

நான் மடியை அவிழ்த்து அந்தக் காசை எடுத்தேன். தலைப் பக்கத்தைத் திருப்பினேன். கன்னம் தளர்ந்த ஒரு வயதானவள். நேரான மூக்கு. வாய் இறுகியிருந்தது. தலையில் சின்னதாக ஒரு கிரீடம், அதன் பின்னாலிருந்து துணி இறங்கிக் கழுத்தை மூடியிருந்தது. பெரிய ராஜ்யத்துக்கு ராணி. முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி சரியாகத் தூங்காதவள் மாதிரி இருந்தாள். கொழும்பில் பசித்த நாட்களில்கூட இதை மாற்றாமல் வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்ததைத்தான் துடைத்திருக்கிறேன்.

"கருங்கொளத்துல ஒரு பொண்ணு இருக்கு" என்றார் அத்தான். "வாயத் தெறக்காது. ஒனக்குத் தோது."

"வேண்டாம்."

"அப்ப என்ன செய்யப் போறே?"

தெரியவில்லை என்று சொன்னேன். பாதி தெரிந்திருந்தது.

மறு வாரம் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். ரதவீதியில் ஒரு சராப்புக் கடை. காசு மாற்றிக் கொடுப்பார்கள், மாற்றுவதற்கு வட்டம் என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். கடை அண்ணாச்சி என் கையில் முக்காட்டுத் தலையைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்.

"தள்ளணுமா? ரெண்டணா வட்டம். இந்த மாசம் முகூர்த்தம் ஜாஸ்தி, ஒரே முக்காடாத்தான் வருது."

"தள்ளல அண்ணாச்சி. இது இருக்கட்டும். இதே மாதிரி இன்னும் நாலு வேணும்." மற்ற நாலு காசையும் முன்னால் வைத்தேன். "இதுகள எடுத்துக்கிட்டு."

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "ஆரு வீட்டுல எழவு?"

"எழவு இல்ல. கல்யாணம்."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பைய உக்காரும். வெயில்ல வந்திருக்கீரு. தண்ணி குடிக்கீரா?"

தண்ணீர் குடித்தேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பழைய காசை எடுத்து வைத்தார். அதே ராணி, சின்ன வயதில். முக்காடு இல்லை. முடியைச் சீவிப் பின்னால் கொண்டைபோட்டு நாடா கட்டியிருந்தது. பின்பக்கம் குதிரைக்குப் பதில் கேடயம். "இதப் பாரும். எவ்வளவு லட்சணம். கல்யாணத்துக்கு இதத்தான் கேட்டு வருவாவ. கூட நாலணா ஆகும்."

"அண்ணாச்சி, எனக்கு முக்காடுதான் வேணும்."

"முக்காடு மூணுதான் கெடக்கு. மிச்சம் உருக்கப் போயிட்டு. மூணுக்கு ஆறணா வட்டம்."

"தள்ளுதவங்கிட்டயும் வட்டம் வாங்குதீரு. கேட்டு வாங்குதவங்கிட்டயுமா?"

"தள்ளுதவன் தோசத்துக்குக் குடுக்கான். நீரு கிறுக்குக்குக் குடுக்கீரு. ரெண்டுக்கும் ஒரே வெலதான்."

ஆறணா கொடுத்தேன். கைக்கு வந்த மூன்றையும் குதிரைப் பக்கம் திருப்பிப் பார்க்க விரல் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அதில் ஒன்று நன்றாகத் தேய்ந்த காசு என்று வழியில் தெரிந்தது. அந்த ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ஆக நாலு முக்காடு, ஒரு ராஜா. மொட்டைத் தலை ராஜா.

அத்தானை மறுபடி கூப்பிட்டேன். "சோறு உண்டாலே?" என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். அக்காள் திட்டி அனுப்பினாள். வழியெல்லாம் நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நல்ல பேச்சு. முதலில் என் தப்பு, பிறகு பெரியவர்களின் மதிப்பு, பிறகு தாய் என்றால் என்ன என்று வரும். வண்டி மாட்டுக்கே கண்ணீர் வந்திருக்கும்.

மாமன் எங்களைப் பார்த்ததும் அவ்வளவு கோபமாக இல்லை. பரிசக் காசை விட்டுவிட அவருக்கும் மனமில்லை. "பொட்டப்புள்ள பேச்ச விடும். காச மாத்திட்டீரா?" என்றார்.

"மாத்திட்டேன் மாமா."

முகம் மலர்ந்தது. தாம்பாளம் வந்தது. உபதேசியாருக்கு ஆள் போயிற்று. நான் தலைப் பக்கம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு முக்காடு. இன்னொரு முக்காடு. மூன்றாவதை வைக்கும்போதே மாமனுக்குக் கண் நிலைகுத்திவிட்டது.

"என்னவே இது! ஒண்ணு ஆகாதுன்னு அனுப்புனா நாலாக் கொண்டாந்திருக்கீரு? கேலியா? கொழும்புல மூளைய வித்துட்டா கப்பலேறுனீரு?"

என் பேச்சு முழுவதும் அங்கேயே மறந்து போயிற்று. முதல் வார்த்தைகூட வரவில்லை. நின்றேன். உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் வந்தது இதுதான்:

"இந்தத் தல எனக்கு ஆகும் மாமா. அத்தையும் எங்களோட வரட்டும். என் வீட்டுல இருக்கட்டும்."

"அவ எப்படி வருவா?" மாமன் எழுந்துவிட்டார். "இங்கன நெல்லு அவிக்க ஆரு? மாட்டப் பாக்க ஆரு? இத்தன பேருக்குச் சோறு பொங்க ஆரு? அவ இல்லாட்டா..." அதோடு நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

உபதேசியார் மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, ஆகாத தலைக்கு ஒங்க வீட்டுல வேல நெறையக் கெடக்கும் போலயே."

மாமன் உட்கார்ந்தார். அத்தான் என் காதில், "சோறு இன்னைக்கும் போச்சு" என்றார்.

உள்கதவு திறந்தது. அம்மை வெளியே வந்தாள். அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். மெலிந்த சின்ன முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாம்பாளத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இவதானா?" என்று உபதேசியாரைக் கேட்டாள்.

"ஆமாம்மா. மகாராணி."

"புள்ளையள் உண்டா?"

"நெறைய உண்டு."

அம்மை அந்தக் காசை வைத்துவிட்டு மொட்டைத் தலையை எடுத்தாள். "இது?"

"அது அவங்க மகன். தாய்க்குப் பொறவு பட்டத்துக்கு வந்தவரு. அவரும் இப்ப இல்ல."

"தாயக் கூட வச்சுப் பாத்தானா?"

உபதேசியார் மாட்டிக்கொண்டார். அரசாங்கத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. தொண்டையைச் செருமினார். "ஒரே அரமனையிலன்னு சொல்ல முடியாது. வந்து போவாரு."

அம்மை சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. "நம்ம சாதிதான்" என்று சொல்லி மகனைத் தாயோடு சேர்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி பேச்சுக் கம்மியோ?"

"கம்மிதான் அத்தை."

"அன்னைக்குக் கேக்கலயாக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உபதேசியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வந்த சிரிப்பு யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அத்தானுக்குத் தெரிந்துவிட்டது, மறுபடி தொடையைக் கிள்ளினார்.

"நீ என்னட்டி சொல்லுதே?" என்று அம்மை கதவைப் பார்த்துக் கேட்டாள்.

உள்ளே வளையல் ஒரு தடவை குலுங்கி நின்றது.

"நீ வருவியா?" என்று அவள் அம்மையைக் கேட்டாள்.

"கூப்புடுதாவளே."

"அப்ப எனக்கு என்ன?"

மாமன் இன்னும் விடவில்லை. ஆள் போவதென்றால் தனக்கு நஷ்டம் என்றார், நஷ்டம் என்ற சொல்லையே சொன்னார். பரிசம் ஐந்தும் உங்களுக்குத்தான் மாமா என்றேன். யோசித்தார். பிறகு நாலு முக்காட்டையும் ராஜாவையும் ஒரே வாரலில் எடுத்து மடியில் கட்டினார்.

"அண்ணாச்சி, முண்டச்சி தல நாலு. மடியில பாத்துக் கட்டும்" என்றார் உபதேசியார்.

"தங்கத்துக்கு ஏதுவே தோசம்?"

அந்த நாலையும் அவர் பிறகு அதே ரதவீதிக் கடையில் தள்ளினார் என்று கேள்வி. எட்டணா வட்டம் போயிருக்கும். நான் வாங்கிய மூன்றும் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் கடைக்காரருக்கு என் கல்யாணத்தால் நல்ல லாபம்.

அன்று சோறு கிடைத்தது. அத்தான் இலையை விட்டு எழுந்திருக்க நேரமாயிற்று. நான் சாப்பிட்டு முடித்ததும் உள்ளேயிருந்து, "அம்மா, அவியளுக்கு வெரல் தொடைக்க ஒரு துண்டு எடுத்துக் குடு" என்று சத்தம் வந்தது. துண்டு வேண்டாம் என்றேன். வேட்டிப் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. விரலை நக்கினேன்.

அன்றிலிருந்து இந்தப் பேச்சு என் வீட்டில் ஓயவில்லை. உப்பு எடுத்துக் கொடு என்றால், காலடி பார்த்து எடுக்கவா என்று கேட்பாள். அது வேறு கதை.

கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது. தாலி கட்டும்போது அத்தை தூரத்தில், கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றாள். முன்னால் வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை. மாமன் ஆட்கள், என் ஆட்கள், எல்லாரும் நின்றார்கள். தைரியம் வரவில்லை. நாலு காசு வைத்ததோடு என் வீரம் செலவாகிவிட்டது. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. அரிசியை அங்கிருந்தே போட்டாள். எங்கள்மேல் விழவில்லை.

மத்தியானம் ஸ்ரீவைகுண்டத்துக்கு வண்டி கட்டினோம். மாப்பிள்ளை, பெண் இருவர் என்று கூலி பேசியிருந்தது. நான் ஏறினேன். அவள் ஏறினாள். அத்தை ஒரு துணி மூட்டையோடு தெருவில் நின்றாள். மூட்டை சின்னது. ஏறவும் இல்லை, போகவும் இல்லை. மாமன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லிவிடுவார்போல இருந்தது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, பொழுதாவுது. ஏறுதது எத்தன பேரு?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இறங்கி மூட்டையை வாங்கி வைக்கோலுக்குமேல் வைத்தேன். கைகொடுத்தேன். அத்தை ஏறி உட்கார்ந்தாள்.

"மூணு பேரு" என்றேன்.